கையால் தைத்த பணப்பை

சித்திரைப் புத்தாண்டு அண்மித்துக்கொண்டிருக்கிறது. புத்தாடை வாங்குதல், வீட்டுக்கு வெள்ளையடித்தல், பலகாரத்துக்கு மா இடித்தல் முதலிய அலுவல்களிலே குடும்பங்கள் மூழ்கியிருக்கும் இந்நாளிலே, ஊசியையும் நூலையும் பற்றி நாம் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், புத்தாண்டு நாளிலே பிள்ளைகளின் கைக்குக் கைவிசேடம் வந்து சேரும். வெற்றிலை, பாக்கு, நெல் ஆகியவற்றோடு வைத்து வீட்டுப் பெரியவர்கள் நல்ல நேரம் பார்த்துக் கொடுக்கும் அந்தப் பணம் அன்று மாலைக்குள் எங்கே போய்த் தங்குகிறது? சில பிள்ளைகளுக்குப் புத்தகத்தின் நடுவிலே. சிலருக்குத் தலையணையின் கீழே. பெரும்பாலோருக்குக் காற்சட்டைப் பையிலே. அதற்கென ஒரு சிறு பையைப் பிள்ளை தன் கையாலேயே தைத்து வைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இந்த எண்ணம் எமக்குத் தோன்றக் காரணமாயிருந்த நிகழ்ச்சியொன்றை முதலிலே கூறிவிடுகிறோம். அது எமக்குப் பெருமை தரும் நிகழ்ச்சி அன்று.

ஒரு துளையின் கதை

சென்ற ஆண்டு எமது வகுப்பு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்ல ஒழுங்கு செய்திருந்தோம். எட்டாந் தரத்து மாணவர்கள். ஆளுக்கு 1,500 ரூபா. குறித்த நாளிலே எல்லாரும் பணத்தைக் கொணர்ந்து மேசையிலே வைத்தனர். ஒரு மாணவன் மாத்திரம் தன் இடத்தைவிட்டு எழவில்லை. அழைத்துக் கேட்டபோது, பணத்தைக் கொண்டுவந்ததாகவும், வழியிலே எங்கேயோ விழுந்துவிட்டதாகவும் கூறினான்.

நாம் அன்று பொறுமை இழந்தோம். இவ்வளவு பெரிய தொகையைக் காத்துக் கொணரத் தெரியாதவன் பொறுப்பற்றவன் என்று வகுப்பினர் முன்னிலையிலே சொன்னோம். அவன் அழவில்லை, மறுத்துப் பேசவுமில்லை. தன் காற்சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். அடியிலே இரண்டு விரல்கள் நுழையக்கூடிய துளை ஒன்று இருந்தது.

"வீட்டிலே சொல்லித் தைப்பித்திருக்கலாமே" என்றோம்.

"அம்மா குவைத்திலை, சேர். அம்மம்மாதான் வீட்டிலை. ஊசியிலை நூல் கோத்துக் குடுப்பன். தைக்க அவவுக்குக் கண் தெரியாது."

அந்த மறுமொழி எம்மை இருக்கையிலே இருத்திவிட்டது. ஊசியிலே நூல் கோக்க அறிந்த பிள்ளை அவன். அந்த ஊசியைத் துணியிலே ஓட்ட அவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை. கணிதம் கற்பித்தோம், இலக்கணம் கற்பித்தோம், உலகத்து நதிகளின் பெயர்களையெல்லாம் ஒப்புவிக்கச் செய்தோம். தன் சட்டைப் பையின் துளையைத் தானே அடைக்கும் வழியை ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியிருக்க, பொறுப்பற்றவர் அவனா, நாமா?

மறுநாள் அதே வகுப்பினர் முன்னிலையிலே எமது சொல்லுக்காக அவனிடம் வருத்தம் தெரிவித்தோம். பணம் மீளவில்லை. அவன் சுற்றுலாவுக்கு வந்தான். எவ்வாறு வந்தான் என்பது இங்கே வேண்டாத செய்தி.

நம்மவர் பணம் வைத்த இடங்கள்

பணத்தைப் பத்திரப்படுத்துவதற்கு நம் முன்னோர் கண்ட வழிகள் பலவாகும். ஆடவருக்கு வேட்டியின் மடி. பெண்டிருக்குச் சேலைத் தலைப்பின் முடிச்சு. முதியவர்களின் இடுப்பிலே கொட்டைப்பெட்டி இருக்கும். பனையோலைச் சார்வை நுண்ணிதாக வார்ந்து, மூடியும் பெட்டியும் ஒன்றினுள் ஒன்று இறுகப் பொருந்தும்படி இழைத்த சிறு பெட்டி அது. வெற்றிலையும் பாக்கும் அதனுள்ளே. சில்லறைக் காசும் அதனுள்ளே. இலங்கையிலே ரூபாவும் சதமும் 1872ஆம் ஆண்டு முதல் வழங்கிவருகின்றன. நாற்கோணமான ஐந்து சதமும், விளிம்பு நெளிந்த பத்துச் சதமும் நம் பாட்டிமாரின் சேலை முடிச்சிலே கிடந்தவை. இன்று அவற்றைக் கடைத்தெருவிலே காண்பதற்கில்லை; பழைய தகரப் பேணிகளின் அடியிலேதான் காணலாம்.

சேலை முடிச்சுக்கும் கொட்டைப்பெட்டிக்கும் பொதுவாகிய ஓர் இயல்பு உண்டு. எடுக்க வேண்டுமாயின் அவிழ்க்க வேண்டும், அல்லது திறக்க வேண்டும். அந்த ஒரு கணத்திலே, "இது வேண்டிய செலவுதானா?" என்று மனம் கேட்டுக்கொள்ளும். துணியாலே தைத்து, வாயிலே கயிறு கோத்து இழுக்கும் சுருக்குப்பை அந்த மரபின் பிள்ளை என்றே நாம் கருதுகிறோம். கைத்தொலைபேசியிலேயே பணம் கைமாறும் காலம் இது என்பதை மறக்கவில்லை. ஆயினும், பேருந்திலே நடத்துனரிடம் நீட்டுவதும், கோயில் உண்டியலிலே இடுவதும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலே கொடுப்பதும் இன்றும் காசேயன்றோ!

இடுப்பிலே வந்த உறுதி

துணிப்பை ஒன்றின் பெறுமதியை நாம் நூலிலே படித்து அறிந்தவரல்லர். 1995ஆம் ஆண்டிலே எமக்கு வயது பதினைந்து. குடாநாட்டிலே அக்காலத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து பாவிக்கப்பட்டது. ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சு இட்டு, அதிலே சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரி கொளுத்திய விளக்குத்தான் எமக்குப் படிப்பு விளக்கு. அந்த வெளிச்சத்திலே ஒரு பக்கம் நாம் பாடப் புத்தகத்தை விரித்திருக்க, மறுபக்கத்திலே எமது அன்னையார் தந்தையாரின் பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக வெட்டி ஒரு பை தைத்துக்கொண்டிருந்தார். சாதாரணப் பணப்பையிலும் பெரியது. உள்ளே இரண்டு அறைகள். இடுப்பிலே கட்டுவதற்கு நீண்ட நாடா.

"ஏன் அம்மா, பெட்டி இருக்கே?" என்று கேட்டோம்.

"பெட்டி கைவிட்டுப் போகும், மோனை. இடுப்பிலை கட்டினது போகாது" என்றார்.

நாமும் தைக்கிறோம் என்று கையை நீட்டினோம். அருகே இருந்த உறவினர் ஒருவர், "ஆம்பிளைப் பிள்ளைக்கு ஏன் ஊசி?" என்று சிரித்தார். எமது கை பின்வாங்கியது. நாடாவைச் சட்டைப்பின்னிலே குத்திப் பையின் வாய்க்குள்ளே செலுத்தும் வேலை மாத்திரம் எமக்குக் கிடைத்தது.

அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கிலே தென்மராட்சியை நோக்கி நடந்ததை எம்மவர் மறக்கமாட்டார். செம்மணி வெளியிலும் நாவற்குழிப் பாலத்திலும் மழையிலே, சேற்றிலே, ஓரடி எடுத்து வைப்பதற்கு நெடுநேரம் நின்ற இரவு அது. சைக்கிளிலே கட்டிய பெட்டிகளுள் ஒன்று வழியிலே வீழ்ந்தது. மற்றொன்றை நாமே விட்டுவிட்டு வந்தோம். அன்னையாரின் இடுப்புப் பை மட்டும் வந்து சேர்ந்தது. பொலித்தீனிலே சுற்றியிருந்தமையால் உள்ளிருந்தவை நனையவில்லை. எங்கள் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், ஒரு சோடித் தோடு, கொஞ்சப் பணம், வீட்டுக் காணியின் உறுதி. 1996ஆம் ஆண்டிலே திரும்பிச் சென்றபோது வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. காணி எம்முடையது என்று காட்டுவதற்கு உறுதி இருந்தது.

அந்தப் பை இன்றும் எமது வீட்டு அலுமாரியிலே இருக்கிறது. அதன் தையலை அண்மையிலே உற்றுப் பார்த்தோம். ஓர் இழையேனும் விட்டிருக்கவில்லை.

ஊசிக்கு ஆண் பெண் உண்டோ?

"தையல் பெண்பிள்ளைகளின் வேலை" என்னும் கூற்று ஆராய்ச்சிக்கு நிற்காது. நம் ஊர்ச் சந்தியிலே காலால் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருக்கும் தையற்காரர் ஆடவரே. கரையிலே இருந்து வலை பொத்துபவரும் பெரும்பாலும் ஆடவரே. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நாம் பெருமையோடு பேசுகிறோம். நடுக்கடலிலே பாய் கிழிந்தால் ஊசி பிடிப்பவர் மாலுமியன்றி வேறு யாவர்? சத்திர வைத்தியரின் கையிலே இருப்பதும் ஊசியும் இழையுமே.

காந்தியடிகள் 1927ஆம் ஆண்டு நவம்பரிலே கதர் நிதி திரட்டும் பொருட்டு யாழ்ப்பாணம் வந்தவர். இயந்திர மோகத்தைக் கண்டித்த அவர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார் என்பது பலரும் அறிந்ததே. கைத்தொழிலை நடுவாக வைத்தே கல்வியை அமைக்கவேண்டும் என்று 1937ஆம் ஆண்டிலே அவர் வார்தாவிலே வகுத்த திட்டத்திலும், கைவேலை சிறுவருக்கும் சிறுமியருக்கும் பொதுவாகவே வைக்கப்பட்டது. கையைப் பழக்காமல் மூளையை மாத்திரம் பழக்குவது அரைக் கல்வி என்பதே அதன் கருத்து.

இனி, பையைத் தைப்போம். ஓய்வான இரண்டு மாலைப் பொழுதுகள் போதும்.

துணியும் கருவிகளும்

புதுத் துணி வாங்க வேண்டாம். பழைய பருத்திச் சேலையின் கிழியாத பகுதி, மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் துண்டு, தைத்து மிஞ்சிய சீத்தைத் துணி ஆகிய எதுவும் ஏற்றது. பட்டு வழுக்கும், நைலோன் விளிம்பிலே இழை பிரியும், முதன்முறை தைப்பவருக்கு அவை ஆகா. உள்துணிக்குப் பழைய வெள்ளைப் பாடசாலைச் சட்டையின் முதுகுப் பகுதியைப் போல நல்லது வேறில்லை. பலமுறை வெளுத்து மென்மையாகியிருக்கும், இனிச் சுருங்காது. வெளித்துணி புதியதாயின் முதலிலே நனைத்து உலர்த்தி அழுத்திக்கொள்ளுக. தைத்த பின்னர் நனைத்தால் வெளித்துணி சுருங்க, உள்துணி பொங்கி நிற்கும்.

ஊசி 7ஆம் அல்லது 8ஆம் இலக்கமாக இருத்தல் நன்று. ஊசியின் இலக்கம் கூடக்கூட அதன் பருமன் குறையும் என்பதை மாணவர் நினைவிற் கொள்க. துணியின் நிறத்திலே பருத்தி நூற்கட்டை ஒன்று, கூரிய கத்தரிக்கோல், அடிமட்டம், குண்டூசிகள் சில, சட்டைப்பின் ஒன்று. கோடு கீற வெண்கட்டி இல்லையாயின், தேய்ந்து உலர்ந்த சவர்க்காரத் துண்டு போதும். அதன் கோடு நீரிலே மறைந்துவிடும்.

நூலை ஒருபோதும் கை நீளத்துக்கு மேலே எடுக்கலாகாது. 18 அங்குலம் போதும். நீண்ட நூல் வேலையை விரைவாக்கும் என்று எண்ணுவது பிழை. அது முறுகிச் சிக்குப்பட்டு நேரத்தை விழுங்கும். மெழுகுதிரியின் மேலே நூலை ஒருமுறை இழுத்துவிட்டால் சிக்கு வெகுவாகக் குறையும்.

அளவு

தையற்காரர் வழக்கை ஒட்டி அங்குலத்திலே கூறுகிறோம். ஓர் அங்குலம் 2.54 சதமமீற்றர், மாணவர் மாற்றிக்கொள்ளலாம்.

எந்தப் பைக்கும் அளவை அதனுள் வைக்கும் பொருளே தீர்மானிக்கும். நமது 5,000 ரூபாத் தாள் 148 மில்லிமீற்றர் நீளமும் 67 மில்லிமீற்றர் அகலமும் உடையது. நடுவே ஒருமுறை மடித்தால் ஏறக்குறைய 3 அங்குலச் சதுரத்துக்குள் அடங்கும். ஆகவே 5 அங்குல அகலமும் 6 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உள்ள பை, தாள், நாணயம், பேருந்துப் பருவச்சீட்டு ஆகிய யாவற்றுக்கும் போதும்.

வெளித்துணி: 15 அங்குல நீளம், 6 அங்குல அகலம். உள்துணி: 11 அங்குல நீளம், 6 அங்குல அகலம். நீளப் பக்கம் துணியின் பாவு இழையோடு செல்லவேண்டும். துணியின் கரையை ஒட்டி ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடு. பொதுவாகப் பாவு இழை இழுத்தால் நெகிழ்வது குறைவு. நாணயத்தின் பாரம் வாயிலிருந்து அடியை நோக்கி இழுக்கும் ஆதலால், அத்திசையிலே பாவு இருந்தாற் பை தொய்யாது.

தைக்கும் முறை

முதலாவதாக, வெளித்துணியைப் புறப்பக்கம் கீழாக விரித்து, அதன் நடுவிலே உள்துணியை வைக்கவும். இரு நுனியிலும் வெளித்துணி இரண்டிரண்டு அங்குலம் மிஞ்சி நிற்கும். இரண்டையும் நீண்ட இழைகளாலே சுற்றிவர ஓட்டிக்கொள்க. இது பிடித்துக்கொள்வதற்கான தற்காலிக நூலோட்டம், பின்னர் உருவிவிடலாம்.

இரண்டாவதாக, வெளித்துணியின் அழகிய பக்கம் உள்ளே இருக்கும்படி நீளத்தை இரண்டாக மடிக்கவும். மடிப்பே பையின் அடி. மேல் விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலம் கீழே இருபுறமும் அடையாளமிடுக. அடியிலிருந்து அந்த அடையாளம் வரை, விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தைத்து வருக. அடையாளத்துக்கு மேலே தைக்கலாகாது. கயிறு நுழையும் வாசல் அங்கேதான் அமையும்.

இவ்விடத்திலே தையலின் வகையைக் கவனிக்கவேண்டும். ஊசியை மேலும் கீழுமாக ஓட்டிச் செல்லும் நூலோட்டத் தையல் எளிது. ஆனால் ஓரிடத்திலே அறுந்தால் முழுவதும் கழன்று வரும். பக்கத் தையலுக்குப் பின்தையலே வேண்டும். ஓர் இழை முன்னே சென்று ஊசியை மேலே எடுத்து, ஓர் இழை பின்னே வந்து முந்திய தையல் முடிந்த அதே துளையிலே இறக்கி, மீண்டும் இரண்டு இழை முன்னே சென்று எடுக்கவேண்டும். இழை ஒன்று அரைக்கால் அங்குலம் இருந்தாற் போதும். ஓர் அங்குலத்துக்கு எட்டுத் தையல் வரும். மேற்பக்கத்திலே இடைவெளியின்றி வரிசையாகத் தெரியும். கீழ்ப்பக்கத்திலே நூல் இரட்டையாக ஓடும். அதன் வலிமை அந்த இரட்டையிலேயே இருக்கிறது. எமது அன்னையாரின் பையிலே நாம் கண்டதும் இத்தையலே. அடையாளத்தை அடைந்ததும் அதே இடத்திலே மூன்று முறை குத்தி முடிச்சிடுக. பை கிழியத் தொடங்குவது எப்பொழுதும் தையல் முடியும் இடத்திலேதான்.

மூன்றாவதாக, பக்கத்து வெட்டு விளிம்புகளை ஊசியாலே சாய்வாகச் சுற்றித் தைத்துவிடுக. இல்லையேல் உள்ளே இழை பிரிந்து நாணயத்திலே சிக்கும்.

நான்காவதாக, அடையாளத்துக்கு மேலே தைக்காமல் விட்ட பக்க விளிம்புகளை உள்ளே மடித்துத் தைத்து அடக்குக. பின்னர் மேல் விளிம்பை முதலிலே கால் அங்குலமும், அடுத்து ஓர் அங்குலமும் உள்நோக்கி மடித்துக் குண்டூசி குத்துக. முன்பக்கத்தைத் தனியாகவும் பின்பக்கத்தைத் தனியாகவும் மடிக்கவேண்டும். உள்துணியின் நுனி அந்த மடிப்பின் கீழே கால் அங்குலம் அகப்பட்டுக்கொள்ளும். அதன் வெட்டு விளிம்பு வெளியே தெரியாது. மடிப்பின் கீழ் ஓரத்தை ஒட்டி ஒரு வரிசை தைத்து, மேல் ஓரத்திலிருந்து அரை அங்குலம் கீழே இன்னொரு வரிசை தைத்தால், இரண்டுக்கும் இடையே கயிறு ஓடும் வழி அமைந்துவிடும். அதற்கு மேலே உள்ள அரை அங்குலம் பூவிதழ்போலச் சுருங்கி நிற்கும்.

ஐந்தாவதாக, பையைப் புறம் திருப்புக. மூலைகளை விரலாலே தள்ளவும். கத்தரிக்கோலின் முனையாலே தள்ளினால் துளை விழும். கயிறுகள் இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் 18 அங்குலம். பருத்தி நாடாவாயினும் ஆகும். தடித்த நூலை மூன்று புரியாகப் பின்னியும் கொள்ளலாம். பின்னும்போது நீளம் குறையும் ஆதலால் 24 அங்குலமாக எடுத்துப் பின்னி, மிகுதியை வெட்டுக. கயிற்றின் நுனியைச் சட்டைப்பின்னிலே மாட்டி, வலப்பக்க வாசலால் நுழைத்து, முன்னும் பின்னுமாக முழுவதும் சுற்றி, அதே வலப்பக்கத்தால் வெளியே எடுத்து நுனிகளை முடிக. இரண்டாவது கயிற்றை இடப்பக்கத்திலே தொடங்கி இடப்பக்கத்திலே முடிக்கவும். இரண்டையும் எதிரெதிராக இழுத்தால் வாய் மூடும். மூடியது தானாகத் திறவாது.

வகுப்பறையிலே நிகழ்ந்தது

அந்த நிகழ்ச்சிக்குப் பின்னர், வெள்ளிக்கிழமைகளின் கடைசிப் பாடவேளையை அதிபரின் அனுமதியோடு இந்த வேலைக்கு ஒதுக்கினோம். மாணவர்கள் ஆளுக்கொரு துண்டுத் துணியோடு வந்தனர். முதல் வாரத்திலே சிரிப்பு மிகுதி. இரண்டாவது வாரத்திலே அமைதி மிகுதி. பட்டம் கட்டுவதிலே வல்ல ஒருவன் தையலிலும் எல்லாரையும் முந்தினான். வகுப்பிலே முதலாவதாக வருபவனோ முழு மூச்சோடு தைத்து முடித்து, "முடிஞ்சுது, சேர்!" என்று எழுந்தபோது, பையும் அவனோடு எழுந்தது. மடியிலே வைத்துத் தைத்தவன் தன் காற்சட்டையையும் சேர்த்துத் தைத்துவிட்டான்! மேசைமேல் வைத்தே தைக்கவேண்டும் என்னும் விதியை அன்றே வகுத்தோம். எமது வாசகர்களுக்கும் அதையே சொல்லிவைக்கிறோம்.

இன்னொன்றையும் கண்டோம். மாணவர்கள் தாம் தைத்த பையை எறிவதில்லை. எங்கேயும் மறந்து வைப்பதுமில்லை. கடையிலே வாங்கிய பணப்பை தொலைந்தால் "வேறொன்று வாங்கலாம்" என்பர். தன் விரலிலே நாலு முறை ஊசி குத்திப் பெற்ற பை தொலைந்தால் தேடாமல் இருக்க ஒருவராலும் முடியாது. பையைக் காக்கக் கற்றவன் பையில் உள்ளதையும் காப்பான். பையோடு சேர்த்து ஒரு சிறு கொப்பியிலே வரவு செலவு எழுதும்படி கூறினோம். எல்லாரும் எழுதுகின்றனர் என்று சொல்லமாட்டோம். சிலர் எழுதுகின்றனர், அது போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

மனைப்பொருளியல் பாடத்தைப் பெண்பிள்ளைகளுக்கு உரியதென்று ஒதுக்கிவிட்டு, ஆண்பிள்ளையை ஒரு தெறி அறுந்தாலும் தாயையோ தமக்கையையோ தேடி ஓடுபவனாக வளர்க்கிறோம். வெளிநாட்டிலே உழைக்கும் தாய்மார் பலர். விடுதியிலே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பலர். நாமும் பல்கலைக்கழக விடுதியிலேதான், தெறி அறுந்த சட்டையோடு ஒரு பரீட்சைக் காலை நின்றபோது, ஊசியை முதன்முதலாகக் கையில் எடுத்தோம். அன்று கோணலாகத் தைத்த தெறியைப் பார்த்துச் சிரித்த நண்பர்களுக்கும் தைக்கத் தெரிந்திருக்கவில்லை. பதினைந்து வயதிலே நீட்டிய கையை அந்த உறவினரின் சிரிப்பு மடக்காதிருந்தால், அந்தக் கூச்சம் எமக்கு நேர்ந்திராது. அந்த மாணவனுக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும் எண்ணமும் துளையைக் காணுமுன்பே எமக்கு வந்திருக்கலாம்.

ஆதலின், இந்தப் புத்தாண்டுக்கு முந்திய விடுமுறை நாட்களிலே ஒரு மாலைப் பொழுது, மகனையும் மகளையும் ஒரே பாயிலே இருத்தி, ஆளுக்கொரு ஊசி கொடுங்கள். பேத்தியாருக்குக் கண் தெரியாவிடினும் அவரது விரலுக்குத் தையல் தெரியும். அவரை அருகே இருத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் நூல் கோக்கட்டும். முதல் நாலு இழையை அவர் தடவிப் பார்த்துச் சொல்லட்டும். கோணல் தையலைப் பிரித்து நீங்களே தைத்துக் கொடுத்துவிடாதீர்கள். கோணலாகவே இருக்கட்டும், அடுத்த பை நேராக வரும். புத்தாண்டன்று கைவிசேடத்தை அந்தப் பையினுள்ளேயே இடுங்கள்.

அந்த மாணவன் இரண்டு பைகள் தைத்தான். முதலாவது தனக்கு. அதைத் தைப்பதற்கு முன்னரே தன் காற்சட்டைப் பையின் துளையை அடைத்துவிட்டான் என்பதைப் பின்னர் அறிந்தோம். இரண்டாவது பை சற்றுப் பெரியது. உள்ளே இரண்டு அறைகள் வைத்திருந்தான். எமது அன்னையாரின் பையைப் பற்றி வகுப்பிலே நாம் சொன்னதை நினைவில் வைத்திருக்கிறான் போலும். "இது ஆருக்கு?" என்று கேட்டோம்.

"அம்மா வரேக்கை குடுக்க, சேர்" என்றான்.

அவன் தையலை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தோம். பின்தையல், அங்குலத்துக்கு எட்டு. முடிவிலே மூன்று முறை குத்தி முடிச்சிட்டிருந்தான்.